ஊமைத் தடை

மழை வரும்போல் இருக்கிறது, மாடியில் காயும் துணியை எடுத்துவிடவா என்று கேட்டான்.

மனைவி சமையலறையில் முதுகைக் காட்டி நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். குழாய் மூடியிருந்தது, மிக்ஸி ஓடவில்லை, உரித்த தோல் தரையில் விழுகிற சரசரப்புகூட அவனுக்குக் கேட்டது. மறுபடி கேட்டான். அவள் மூக்கை உறிஞ்சி, முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தற்செயலாக ஜன்னல் பக்கம் திரும்பியவள், "அய்யோ, துணி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அவன் நின்ற நிலைவாசலைத் தாண்டி மாடிக்கு ஓடினாள். அவள் புடவை அவன் கையை உரசிக்கொண்டு போயிற்று.

கோபம் இன்னும் தணியவில்லை என்று நினைத்துக்கொண்டான். லீவுக்கு அவள் அக்கா வீட்டுக்குப் போகிற விஷயத்தில் காலையில்தான் இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டது. நீயும் மகளும் போங்கள், எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லியிருந்தான்.

அவனுடைய வேலை அடுத்தவர் பேச்சை வெட்டுவது. வீட்டுப் பிரச்சினைகளை முகம் காட்டாமல் கொட்டித் தீர்க்கிற இணைய மன்றம் ஒன்றுக்கு அவன் காவல்காரன். மாமியார் தொல்லையிலிருந்து பக்கத்து வீட்டு நாய் வரைக்கும் ஆயிரம் பேர் அங்கே எழுதுவார்கள். படித்தவர்களுக்குப் பிடித்தால் பதிவு மேலே ஏறும். பிடிக்காதவர்கள் புகார் கொடுத்தால் கீழே இறங்கும். புகார் நிறைய சேர்ந்தால் தானாகவே மறைந்து அவன் மேஜைக்கு வரும். விடலாமா, வெட்டலாமா என்பது அவன் முடிவு. மன்றத்தில் அவனுக்குக் கத்திரி என்று பெயர் வைத்திருந்தார்கள். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வெட்டினால் சிலர் சும்மா இருப்பதில்லை, வேறு பெயரில் வந்து சண்டை பிடிப்பார்கள். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் ஊமைத் தடை. எழுதியவர் கண்ணுக்குத் தன் பதிவு வழக்கம்போலத் தெரியும், வேறு யார் கண்ணுக்கும் தெரியாது. ஊரே படிக்கிறது என்று நம்பிக்கொண்டு ஆள் பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருப்பார். வாக்குவாதமே வராது. இதைப்போலச் சுத்தமான வேலை உண்டா என்று அவன் நண்பர்களிடம் சொல்லிச் சிரித்ததுண்டு.

சமையலறைக்குப் பின்னால், முன்பு சாமான் போட்டு வைத்திருந்த சின்ன அறைதான் அவன் அலுவலகம். போய்க் கணினியைத் திறந்தான். மழை தொடங்கியிருந்தது. அறையில் ஒரு வாடை. ஈரச் சுவரில் வரும் பூஞ்சை வாடை இல்லை இது. பல நாள் தண்ணீர் படாத வாயைப் பக்கத்தில் வைத்து மூச்சு விட்டால் வருகிற புளித்த, உலர்ந்த வாடை. கூரை ஓரத்துக் காற்றுத்துளையை அண்ணாந்து பார்த்தான், ஒன்றும் செத்துக் கிடக்கவில்லை.

புகார் வரிசையில் முதலில் நின்ற பதிவைப் படித்துவிட்டு, மறுபடி படித்தான்.

எழுதியவர்: கத்திரி. பதிவு: மழை வர்ற மாதிரி இருக்கு, மாடில துணியை எடுத்துடவா? புகார் கொடுத்தவர்: மாடியறை. காரணம்: நாடகம்.

அடுத்ததும் அதே பதிவு. அவன் இரண்டாம் முறை கேட்டது.

யாரோ கணக்குக்குள் புகுந்து விளையாடுகிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. வீட்டுக்குள் பேசியது அவர்களுக்கு எப்படித் தெரியும் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. வேலைக் குழுவில் தலைவிக்குச் செய்தி போட்டான். செய்தி போனதாகக் காட்டியது. கொஞ்ச நேரம் கழித்து அதே குழுவில் தலைவி எல்லோரையும் பார்த்துக் கேட்டிருந்தாள், கத்திரியைக் காணோமே, யாராவது பார்த்தீர்களா என்று. இங்கேதான் இருக்கிறேன் என்று எழுதினான். உடம்பு சரியில்லையோ என்னவோ என்று இன்னொருவன் பதில் போட்டான், அவள் கேள்விக்கு.

சாப்பிடக் கூப்பிடாமலே மனைவியும் மகளும் சாப்பிட்டு முடித்தார்கள். அவன் போய் எதிரே உட்கார்ந்தான். பத்தாம் வகுப்பு முடித்திருந்த மகள், தட்டில் விரலால் கோடு போட்டபடி, "அப்பா எங்கம்மா? மன்றத்துல யாரையாவது அறுத்துட்டு இருக்காரா?" என்றாள்.

"கோவிச்சுக்கிட்டு தம்பி வீட்டுக்குப் போயிருப்பார். எப்பவும் நடக்கிறதுதானே."

அவன் மேஜையைத் தட்டினான். தண்ணீர் டம்ளர் அதிர்ந்தது. மகள் டம்ளரைப் பார்த்துவிட்டு வெளியே இடிக்கிறதா என்று ஜன்னலைப் பார்த்தாள். மனைவி போனை எடுத்து அழுத்தினாள். அவன் சட்டைப்பையில் மணி அடித்தது. எடுத்துப் பேசினான். இதோ உன் எதிரில் இருக்கிறேன், என்னைப் பார் என்றான். அவன் குரல் அவள் காதோரத்துக் கருவியிலிருந்து வெளியே கேட்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருப்பதாக அவள் முகம் சொன்னது.

"எடுக்க மாட்டேங்கிறார்," என்று போனை வைத்தாள். அதில் கவலையைவிட அலுப்புதான் இருந்தது. அவள் தோளைப் பிடித்தான். அவள் தோளைக் குலுக்கி, குளிருகிறது, பின்பக்க ஜன்னலைச் சாத்து என்று மகளிடம் சொன்னாள்.

அறைக்கு ஓடினான். வரிசை நிரம்பி வழிந்தது. என்னைப் பார். இங்கேதான் இருக்கேன். இதோ உன் எதிர்ல. ஒவ்வொன்றின் கீழும் அதே பெயர். அதே காரணம்.

மாடியறை என்ற பெயரைத் தேடினான். கிடைத்தது. மறந்திருக்கவில்லை அவன். நினைக்காமல் இருந்திருக்கிறான்.

போன கோடையில் வந்தவள். கணவனும் அவன் வீட்டாரும் தன்னை மாடியறையில் அடைத்து வைக்கிறார்கள் என்று எழுதினாள். பதிவு கிடுகிடுவென்று உச்சிக்கு ஏறியது. ஏறின வேகத்தில் புகார்கள் குவிந்தன. பொய், குடும்பத்தைக் கெடுக்கிறாள், விளம்பரம் தேடுகிறாள். பெயர்கள் வேறு வேறு. ஆனால் எல்லாப் புகாரும் ஒரே வீட்டு இணைய இணைப்பிலிருந்து வந்தன. அவள் எழுதிய அதே வீட்டு இணைப்பு. அது அவன் திரையில் பளிச்சென்று தெரிந்தது. பார்த்தான். வேலை முடிகிற நேரம், தலைவி முன்பக்கம் சுத்தமாக இருக்கட்டும் என்று சொல்லியிருந்தாள். காரணம் என்ற இடத்தில் நாடகம் என்று அடித்து, ஊமைத் தடையைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனான்.

தடைக்குப் பிறகு அவள் எழுதியதை இப்போதுதான் திறந்தான்.

எல்லாரும் வெளியூர் போறாங்க, வெளியில தாழ் போட்டுட்டாங்க, முகவரி கீழே இருக்கு, யாராவது போலீசுக்குச் சொல்லுங்க. அடுத்தது: ஒருத்தர்கூடப் பதில் போடலையே, நேத்து எத்தனை பேர் ஆறுதல் சொன்னீங்க. அடுத்தது: தண்ணி தீர்ந்துடுச்சு. அடுத்தது: நீங்க எல்லாரும் படிக்கிறீங்கன்னு தெரியும். படிச்சிட்டு சும்மா இருக்கீங்க. அதற்குப் பிறகு வார்த்தையாக எதுவும் இல்லை. எழுத்துகள் மட்டும். பிறகு அதுவும் இல்லை.

தடையை நீக்கினான். நீக்கப்பட்டது என்று வந்தது. அவளுடைய பதிவுகள் திரையில் வரிசையாக ஏறின. மூச்சு வந்தது. மகளின் கணினியில் அதே பக்கத்தைப் போய்ப் பார்த்தான். அங்கே பக்கத்து வீட்டு நாயைப் பற்றி யாரோ எழுதியிருந்தது முதலிடத்தில் இருந்தது. அவள் எங்கும் இல்லை. அவன் செய்தது அவன் கண்ணுக்கு மட்டும்தான் நடந்திருந்தது.

திரும்பி வந்து நாற்காலியில் விழுந்தான். அப்போது கேட்டது அந்தச் சத்தம். அறைக்குள்ளேயே. எச்சில் இல்லாத தொண்டை ஒன்று விழுங்கப் பார்க்கிற சத்தம். கிளக். கொஞ்சம் இடைவெளி. கிளக்.

அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

வெளியே பெட்டி உருளும் ஓசை. மகளிடம் குடையை எடுத்துக்கொள்ளச் சொல்லும் மனைவியின் குரல். வண்டி வந்துவிட்டதாம். அவள் அறை வாசலில் வந்து நின்றாள். நேராக அவனைப் பார்த்தாள். அவள் பார்வை அவன் முகத்தின் வழியாகப் போய்ப் பின்சுவரில் நின்றது.

"ஆள் இல்லாம லைட்டு எரியுது பாரு," என்றாள்.

விளக்கை அணைத்தாள். கதவை இழுத்தாள். அவன் எழுந்து பாய்வதற்குள் வெளியே தாழ் விழுந்தது.

தட்டினான். உதைத்தான். இரண்டு பேர் பெயரையும் சொல்லிக் கத்தினான். காற்றுத்துளை வழியாக எல்லாம் தெளிவாகக் கேட்டது. வாசல் பூட்டு. மகளின் சிரிப்பு. கார்க் கதவு. அக்கா வீட்டில் எத்தனை நாள் இருப்பார்கள் என்று அவன் கேட்கவே இல்லை.

பிறகு மழை மட்டும்.

போனில் போலீசை அழைத்தான். எடுத்தார்கள். ஹலோ, ஹலோ, யார் பேசறது என்றார்கள். வைத்துவிட்டார்கள்.

திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. மின்சாரம் இருக்கிறது. மன்றம் இருக்கிறது. எழுத முடியும். நாற்காலியை இழுத்துப்போட்டு எழுதினான். என்னை அறைக்குள்ள வச்சு வெளியில தாழ் போட்டுட்டாங்க. முகவரி கீழே இருக்கு. யாராவது போலீசுக்குச் சொல்லுங்க.

அனுப்பினான். பதிவு ஏறியது. எல்லோருக்கும் தெரிவதைப்போல.

பதில் இல்லை.

இன்னொன்று எழுதினான். இன்னொன்று.

கிளக்.

இப்போது முதுகுக்குப் பின்னால். வாடை கழுத்தில் பட்டது. சூடில்லாத மூச்சு. திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

"நிறுத்தாதீங்க," என்றது குரல், மணலை அரைப்பதுபோல, காதோடு. "எழுதுங்க. நான் படிக்கிறேன்ல."

அவன் விரல்கள்மேல் வேறு பத்து விரல்கள் வந்து படிந்தன. ஒன்றிலும் நகம் இல்லை. மெல்ல, ஒவ்வொரு எழுத்தாக, அவை அழுத்தத் தொடங்கின.