மணியின் நாக்கு

வெர்னா லிண்ட்குவிஸ்ட் தேவாலயத்தைத் திறந்தபோது பிற்பகல் மூன்றரை. சுற்றிலும் அறுவடை முடிந்த மக்காச்சோள வயல். நெப்ராஸ்காவின் நவம்பர் காற்று ஜன்னல் சட்டங்களை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் அன்றைக்கு அங்கே இருந்திருக்கவே கூடாது. வெள்ளிக்கிழமை நடக்கவேண்டிய புருஷன் ஆர்லோவின் இதய ஆபரேஷனை, காலையில் வலி வந்ததால் இன்றைக்கே வைத்துவிட்டார்கள். மகள் கேரன் அப்பாவோடு நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். வெர்னாவும் காரில் ஏறத்தான் போனாள். ஆர்லோதான் தடுத்தார். "ஆய்வுக்கு வர்ற பொண்ணுக்குத் திறந்து காட்டிட்டு வா. நான் எங்க ஓடிப்போகப் போறேன்?"

மாநிலத் தலைநகரிலிருந்து வந்திருந்தவள் ஜோலீன் டெய்ட். இந்தத் தேவாலயம் வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் ஏறுமா, ஏறாதா என்பது அவள் எழுதப்போகும் அறிக்கையில் இருந்தது. ஊர்ப் பாரம்பரியச் சங்கம் அதற்காக நாலு வருஷமாய் நாயாய் அலைந்திருந்தது. எல்லாம் அசலாக இருக்கவேண்டும். அதுதான் விதி, அதுதான் வெறி.

அந்த வெறியில்தான் தப்பு நடந்தது. கோடையில் தேவாலய வாசற்படியைப் பெயர்த்தபோது, சங்கிலி சுற்றிய ஒரு கித்தான் பை ஆர்லோ கையில் கிடைத்தது. உள்ளே மணியின் இரும்பு நாக்கு. அதை ஏன் புதைத்தார்கள் என்று அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். யாராவது செத்தால் மணி அடிப்பது அங்கே வழக்கம். ஆணுக்கு ஒன்பது, பெண்ணுக்கு ஆறு, கொஞ்சம் நிறுத்தி, வயசுக்கு ஒன்று வீதம். 1918 விஷக்காய்ச்சல் குளிர்காலத்தில் மணி சாவுக்கு முந்தியே அடிக்க ஆரம்பித்தது என்றார்கள். நாக்கைக் கழற்றிப் புதைத்த பிறகுதான் ஊர் மூச்சு விட்டதாம். தெரிந்தும், அசல் பொருள் கிடைத்துவிட்டதென்று சங்கிலியை அறுத்து, ஆர்லோவே மேலே ஏறி மாட்டினார். கீழே நின்று கைதட்டியவர்களில் வெர்னாவும் ஒருத்தி. புத்தி எங்கே போயிருந்ததோ.

ஜோலீன் படம் எடுத்துக்கொண்டே வந்தாள். வெர்னாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கைப்பேசியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள்.

அப்போதுதான் கற்பூர வாடை அடித்தது. ஈர மண்ணோடு கலந்த பழைய கற்பூரம். காய்ச்சல் காலத்தில் அதைத்தான் சின்னப் பையில் கழுத்தில் கட்டிக்கொள்வார்கள்.

மணி அடித்தது.

"மேல யாரு இருக்கா?" ஜோலீன் கிசுகிசுத்தாள்.

யாருமில்லை. கோபுரக் கதவில் பூட்டு தொங்கியது. முன்கூடத்தில் மணிக்கயிறு மட்டும் தானாக ஏறி இறங்கியது.

ஒன்பது அடித்து நின்றது.

ஆண்.

மறுபடி ஆரம்பித்தது. வெர்னா எண்ணினாள். ஆர்லோவுக்கு அறுபத்தொன்று. இருபதில் கேரனை அழைத்தாள்; எடுக்கவில்லை. முப்பதில் மறுபடி அழைத்தாள். நாற்பதில் வெட்கத்தை விட்டு வேண்டிக்கொண்டாள். நிற்காதே, அடித்துக்கொண்டே போ, அறுபத்தொன்றைத் தாண்டிவிடு, எவனாவது எண்பது வயசுக் கிழவனாக இருக்கட்டும். எந்தக் கிழவன் என்றுகூட அவள் யோசிக்கவில்லை.

ஐம்பத்தெட்டு.

தாண்டுமா என்று பார்க்கத் தைரியம் இல்லை.

ஐம்பத்தொன்பது.

ஓடினாள்.

அறுபது அடித்ததும் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள்.

மேலிருந்து இழுத்தது. மணியின் எடை அல்ல அது. வெடுக்கென்று ஒரு இழுப்பு, பிறகு விட்டுக்கொடுப்பு, மறுபடி இழுப்பு. கைத்தோல் உரிந்தது. ஜோலீன் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். என்ன, ஏன் என்று அந்தப் பெண் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எவ்வளவு நேரமோ தெரியாது. ஜன்னல் வெளிச்சம் மங்கியபோது கைப்பேசி அடித்தது. ஜோலீன் எடுத்து அவள் காதில் வைத்தாள்.

"அம்மா," கேரன் அழுதாள். "அப்பாவுக்கு இதயம் நின்னுபோச்சு. டாக்டருங்க கைவிட்டுட்டாங்க. இப்பதான் மறுபடி தானா அடிக்குது."

கயிறு தளர்ந்தது.

மறுநாளே சங்கத்துக்காரர்கள் நாக்கைக் கழற்றி, புதுச் சங்கிலி சுற்றிப் புதைத்தார்கள். மணி தானாக அடித்தது என்று மட்டும்தான் வெர்னா அவர்களிடம் சொன்னாள். அறுபதோடு நிறுத்தியதை ஒருவரிடமும் சொல்லவில்லை. கையில் ஏன் கட்டு என்று கேட்ட கேரனிடம் அடுப்பில் சுட்டுக்கொண்டதாகச் சொன்னாள். ஜோலீன் பட்டியலுக்குப் பரிந்துரை எழுதினாள். திரும்ப அந்தப் பக்கம் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து ஆர்லோ வீட்டுக்கு வந்தார். இளைத்திருந்தார், ஆனால் சாப்பிட்டார், உப்புப் போதவில்லை என்று சண்டை போட்டார். அந்தச் சண்டையே போதும் என்று வெர்னாவுக்குக் கண் நிறைந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சூப் குடித்துக்கொண்டிருந்தவர் கரண்டியை வைத்துவிட்டு, தேவாலயம் இருந்த பக்கமாகக் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"இன்னும் ஒண்ணுதானே பாக்கி, வெர்னா?"

வெர்னாவும் தன் கரண்டியை வைத்தாள்.

"நீ கயித்தைப் பிடிச்சிட்டிருந்தது எனக்குத் தெரிஞ்சுது," என்றார் மெதுவாக. பிறகு மேஜைமேல் சும்மா கிடந்த அவள் கைகளைப் பார்த்தார். "இப்ப யாரு பிடிச்சிட்டிருக்கா?"