வணக்கம் மட்டும் வந்தது

சேர்மராஜின் தாயார் தூத்துக்குடியிலிருந்து பக்கம் பக்கமாக எழுதுவார். முழங்கால் வலி, எதிர்வீட்டுக்காரியோடு தண்ணீர்ச் சண்டை, ஊரில் எவனெவனுக்கோ கல்யாணமாகிவிட்டதே என்ற அங்கலாய்ப்பு எல்லாம் அதில் இருக்கும். அந்த மடல் செவ்வாய்க் கோளுக்கு வந்து, பயிர்க்கூடத்தில் தக்காளிச் செடிகளுக்கு இடையே நிற்கும் மகனின் கைத்திரையில் விழும்போது ஐந்தாறு வரியாகியிருக்கும். 'நல்லாயிருக்கேன்யா. ஊர்ல மழை. வேளாவேளைக்குச் சாப்பிடு.' பச்சை எழுத்தில் அதைப் படித்துவிட்டு சேர்மராஜ் சிரித்தபடி வேலைக்குத் திரும்புவான்.

"ஒங்க புண்ணியத்துல நிம்மதியா தூங்குதேன்க்கா," என்று அமலோற்பவத்தைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வான்.

"பின்ன? நான் செஞ்சதுல்லா!" என்பாள் அவள்.

அமலோற்பவம் 'முத்துக்குளி' நிலையத்தின் தொடர்புப் பொறியாளர். செவ்வாயின் வடசமவெளியில் மண்ணுக்கடியில் கிடக்கும் பனிக்கட்டியைத் தோண்டி நீராக்குவது அந்த நிலையத்தின் வேலை. அவளைத் தவிர அறுபது பேர் அங்கே இருந்தார்கள். ஒலியையும் படத்தையும் பூமிக்குக் கொண்டுபோக அவர்களுடைய இணைப்புக்கு வலு போதாது. எழுத்து மட்டும்தான் போகும், எழுத்து மட்டும்தான் வரும். அதற்கென்று இருந்த நிரல் வரியஞ்சல். கறுப்புத் திரை, அதில் வரிவரியாக எழுத்து, அவ்வளவுதான். பூமியில் அதைப் பார்த்தால் அருங்காட்சியகத்தில் வை என்பார்கள்.

ஆனால் அந்தக் கறுப்புத் திரையை அமலோற்பவம் ஆட்டிவைத்தாள். ஒவ்வொருவர் வரியஞ்சலுக்கும் 'அமைவு' என்று ஒரு கோப்பு உண்டு. அதில் எழுதிவைத்தபடி நிரல் நடக்கும். வீட்டு மடல் பச்சையில் மேலே வர வேண்டுமா, அலுவலக மடல் சாம்பல் நிறத்தில் அடியில் கிடக்க வேண்டுமா, மனைவி எழுதினால் மணிக்கட்டில் மெல்ல அதிர வேண்டுமா, எல்லாம் ஒரு வரியில் முடிகிற காரியம். வந்த புதிதில் ஆளாளுக்கு அவளைத் தேடி வந்து அமைவு எழுதி வாங்கிப் போனார்கள். அப்படி ஒருநாள், தாயின் மடலைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்த சேர்மராஜுக்காகத்தான் அவள் 'வடி' என்ற கட்டளையைச் செய்தாள்.

சொல்லின் பொருளையும் தொனியையும் உணரும் சின்னக் கருத்தறி ஒன்றை வரியஞ்சலுக்குள் பொருத்தினாள். பிறகு சேர்மராஜின் அமைவில் இப்படி எழுதினாள்:

அனுப்புநர் அம்மா: நிறம் பச்சை
அனுப்புநர் அம்மா: வடி நோவு, வடி கல்யாணப்பேச்சு

அடுத்த மடலிலிருந்து நோவும் இல்லை, கல்யாணமும் இல்லை. முதலில் 'இங்கே சில வரிகள் வடிக்கப்பட்டன' என்று ஒரு குறிப்பு வந்துகொண்டிருந்தது. அது உறுத்துகிறது என்று பலர் சொன்னதால், தடமே தெரியாமல் வடிக்கவும் வழி செய்து கொடுத்தாள். வெட்டிய இடத்தில் வாக்கியங்கள் தாமே கைகோத்துக்கொள்ளும். அதுதான் அவளுக்குப் பெரிய பெருமை. "தையல் தெரியாது பாருங்க," என்று எல்லோரிடமும் திரையைக் காட்டினாள்.

ஆறே மாதத்தில் நிலையம் மாறியது. தோண்டுகுழுவும் சமையல்குழுவும் சண்டை போடுவது நின்றது. ஒருவர் எழுதும் குத்தல் இன்னொருவரைப் போய்ச் சேராவிட்டால் சண்டைக்கு என்ன வேலை? தூக்க மாத்திரை கேட்டு வருவோர் குறைந்தார்கள். பூமியிலிருந்த தலைமையகம் வடியை வாங்கித் தன் அலுவலகத்தில் பொருத்திப் பார்த்து மகிழ்ந்தது. பாராட்டு மடலும் வந்தது. அமலோற்பவம் அதை நிலையம் முழுமைக்கும் அனுப்பினாள். தான் எழுதும் ஒவ்வொரு மடலின் அடியிலும் 'அமலோற்பவம், வடியை வடித்தவள்' என்று தானாக விழும்படி தன் அமைவை மாற்றிக்கொண்டாள்.

அவள் மட்டும் யாருக்கும் வடி போடவில்லை. "யாரு என்னத்த எழுதினாலும் முழுசாத் தாங்குவேன். எனக்கெதுக்கு வடி?" என்பாள். உண்மையும் அதுதான்.

ஒரு காலையில், நிலையத்தின் அளவுக்கருவிகள் அனுப்பும் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஓரிடத்தில் நின்றாள். குடியிருப்பையும் பயிர்க்கூடத்தையும் இணைக்கும் வடக்குச் சுரங்கவழியில் காற்றழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. எச்சரிக்கை மணி அடிக்கும் அளவுக்கு இல்லை. அழுத்தமானி அங்கே சில நாட்களாகவே தவறாகக் காட்டுகிறது என்பது அவளுடைய சந்தேகம். பழைய எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததும் உறுதியானது. மானி காட்டுவதைவிடக் கசிவு பல மடங்கு அதிகம். உடனே எல்லோருக்கும் எழுதினாள்.

'அனைவருக்கும் வணக்கம். கருவி சரி என்கிறது, நான் நம்பவில்லை. வடக்குச் சுரங்கவழியில் காற்று வெளியேறுவதை இந்த நிலையத்திலேயே முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். நான் போய்ச் சரிசெய்து முடிக்கும்வரை என் பேச்சைக் கேட்டு யாரும் அந்தக் கதவைத் திறக்காமல் இருப்பது நல்லது. என் கணக்கு இதுவரை தப்பியதே இல்லை. அமலோற்பவம், வடியை வடித்தவள்.'

மடல் அறுபது பேருக்கும் போய்ச் சேர்ந்ததாகத் திரை காட்டியது. படித்துவிட்டதாகவும் காட்டியது. அவள் நிதானமாகக் கசிவை அடைக்கப் புதிய ரப்பர் வளையங்களை எடுத்துப் பெட்டியில் வைத்தாள். அப்போது திரையில் ஒரு வரி வந்தது. வடக்குக் கதவு திறந்து மூடியிருந்தது.

அவள் ஓடினாள். வழியிலிருந்த காற்றுமுகமூடிகளில் ஒன்றைத் தான் மாட்டிக்கொண்டு, இன்னொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, கதவின் நெம்பியை முழு உடம்பையும் போட்டு இழுத்தாள். சுரங்கவழியின் நடுவில், கவிழ்ந்த நாற்றுத்தட்டுக்குப் பக்கத்தில் சேர்மராஜ் முகங்குப்புறக் கிடந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. முகமூடியை அவன் முகத்தில் அழுத்தி, அக்குளில் கைகொடுத்து இழுத்து வந்து கதவுக்கு இந்தப்பக்கம் போட்டபோது அவளுக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது.

மருத்துவ அறையில் அவனுக்குப் பேச்சு வந்ததும் முதல் வேலையாக அவன்மேல் பாய்ந்தாள்.

"ஏலே, கூறு இருக்கா ஒனக்கு? போகாதீங்கன்னு எழுதினேன்லா? படிச்சேன்னு வேற காட்டுது!"

"படிச்சேன்க்கா," என்றான் சேர்மராஜ் ஈனமான குரலில். "வணக்கம்னு போட்டிருந்தீங்க."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் ஒண்ணுமில்லையே. வணக்கம் மட்டுந்தான் வந்துச்சு. அக்கா இன்னைக்கு நல்ல மூடுல இருக்காங்கன்னு நெனச்சேன்."

அவன் கையைப் பிடித்துத் திரையைத் திருப்பிப் பார்த்தாள். 'அனைவருக்கும் வணக்கம்.' அதோடு சரி. அடியில் அவள் பெயர்கூட இல்லை. தையல் தெரியவில்லை.

கட்டில் ஓரத்தில் நின்றிருந்த நிலையத் தலைவி மைமூனை அவள் நிமிர்ந்து பார்த்தாள். மைமூன் காயல்பட்டினத்துக்காரர், அவளைவிடப் பத்து வயது மூத்தவர். அந்த ஊர் வழக்கப்படி அக்கா என்பதற்கு 'லாத்தா' என்றுதான் அவரை அழைப்பாள். அவர் பார்வையைத் தவிர்க்கவில்லை.

"எல்லாரும் போட்டிருக்கோம் அமலா," என்றார். "அனுப்புநர் அமலா, வடி தற்பெருமை."

"எல்லாருமா?"

"எல்லாரும்தான்."

"நீங்களுமா லாத்தா?"

"நான்தான் மொதல்ல போட்டேன். அப்புறம் ஒவ்வொருத்தரா எங்கிட்ட வந்து அந்த வரிய வாங்கிட்டுப் போனாங்க. ஒன்ன யாருக்கும் புடிக்காமல்ல. ஒரு மடலுக்கு எத்தன 'நான்' போடுவே நீ? வேல முக்கியம், ஒன் மடலும் முக்கியம். வடி போட்டாத்தான் ஒன்னப் படிக்க முடிஞ்சுது."

அமலோற்பவத்தின் முகம் சூடேறியது. கோபமா அவமானமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. இத்தனை காலம் அவள் அனுப்பிய பாராட்டு மடல்கள், சாதனைகள், மடலடியில் வைத்த அந்தப் பட்டம், எதையுமே ஒருவரும் பார்க்கவில்லை. அறுபது பேரும் அவளிடம் அன்பாக இருந்ததற்கே அதுதான் காரணமோ? நல்ல வேலை செய்திருக்கிறது கருத்தறி என்று நினைத்துக்கொண்டாள். கருவியின்மேல் குற்றமில்லை. 'நான் கண்டுபிடித்தேன், என் பேச்சைக் கேட்டு' என்று அவள் எழுதிய வாக்கியத்தில் பெருமையும் அபாயமும் ஒரே நூலில் கோத்திருந்தன. ஒன்றை உருவினால் மற்றதும் வரத்தான் செய்யும்.

அன்றைக்கே மைமூன் நிலையத்தில் வடியை நிறுத்தச் சொன்னார். அமலோற்பவம் தன் கையாலேயே கருத்தறியைக் கழற்றினாள். வடிக்கப்பட்ட மடல்களின் மூலங்கள் எல்லாம் சேமிப்பில் பத்திரமாக இருந்தன. எழுந்து நடமாடத் தொடங்கிய சேர்மராஜ், தாயின் மடல்களை முழுசாகக் கேட்டு வாங்கிப் போனான். மறுநாள் சாப்பாட்டுக்கூடத்தில் அவள் எதிரே வந்து உட்கார்ந்தான். தட்டைத் தொடவில்லை.

"அக்கா, காலு ஆபரேசன் பண்ணட்டுமா வேண்டாமா, நீ சொல்லுய்யான்னு அம்மா கேட்டிருக்கு. நாலு மடல்ல கேட்டிருக்கு. நான் தக்காளி காய்ச்சிருக்குன்னு பதில் எழுதியிருக்கேன்."

"இப்ப எழுது."

"எழுதிட்டேன். ஆனா அஞ்சாவது மடல்ல அம்மா அதக் கேக்கவேயில்லக்கா. அதுக்கப்புறமும் கேக்கல."

அமலோற்பவத்தால் அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை. அறைக்குப் போய்த் தலைமையகத்துக்கு அறிக்கை எழுதத் தொடங்கினாள். வாழ்க்கையில் முதல்முறையாக 'நான்' என்ற சொல்லே இல்லாமல் எழுதினாள். வடியால் ஓர் உயிர் போகவிருந்தது, எதை வடிக்கிறோம் என்பது வடிப்பவருக்கே தெரியாமல் போகிறது, பிற நிலையங்களுக்கு அதைக் கொடுக்க வேண்டாம், தலைமையகத்திலும் கழற்றிவிடவும் என்று தெளிவாக எழுதினாள். மைமூன் படித்துப் பார்த்துத் தலையசைத்தார். மடல் போனது.

அடுத்த நாள் பதில் வந்தது.

'உங்கள் அறிக்கை கண்டு பெருமகிழ்ச்சி அடைந்தோம். வடி தங்கள் நிலையத்தில் சிறப்பாக இயங்குவது அறிந்து, மற்ற பதினொரு நிலையங்களுக்கும் அதை அனுப்ப ஏற்பாடு செய்துள்ளோம். இத்துறையின் பெருமை நீங்கள்.'

இரண்டு தடவை படித்தும் அவளுக்கு விளங்கவில்லை. மைமூனிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "அங்க வடி குறைன்னு போட்டிருப்பாங்கம்மா. பன்னெண்டு நிலையமும் தினம் அது இல்ல இது இல்லன்னு அழுதா, அவங்களும்தான் என்ன செய்வாங்க?"

"அப்ப குறை சொல்லாம எழுதுதேன்."

'வடியை நிறுத்துங்கள்' என்று இரண்டே சொல் எழுதி அனுப்பினாள். வெற்று மடல் வந்ததாகவும், கைதவறி அனுப்பியிருக்கலாம் என்றும் பதில் வந்தது. புகழ்ச்சிபோலச் சுற்றி வளைத்து எழுதினாள். புகழ்ச்சி மட்டும் போய்ச் சேர்ந்து, நன்றி திரும்பி வந்தது. சேர்மராஜ் தன் பெயரில் எழுதிப் பார்த்தான். அவன் நலமாக இருப்பதில் தலைமையகம் மகிழ்ந்தது. அவள் பொருத்திய கருத்தறி எந்தச் சந்திலும் ஏமாறவில்லை. மொழியின் எந்த வளைவுக்குள் ஒளிந்தாலும் குறையைக் கண்டுபிடித்துவிட்டது. அதைப் பார்த்து, அந்த நிலையிலும், அவளுக்குள் ஒரு கணம் பெருமை தலைதூக்கியது. எவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறேன்!

அந்த வாரக் கடைசியில் மீள்கலம் பூமிக்குப் புறப்படவிருந்தது. பாறை மாதிரிகளோடு இருவர் போகலாம். ஓர் இருக்கை காலியாக இருந்தது. அமலோற்பவம் மைமூனின் அறைக்குப் போய் அதைக் கேட்டாள்.

"ஏழு மாசப் பயணம்," என்றார் மைமூன். "போனா மறுபடி இங்க வர வாய்ப்பு கெடைக்குமான்னு தெரியாது. ஒரு வரி சொல்றதுக்காகவா?"

"எழுத்துலதான் வடிக்க முடியும் லாத்தா. எதிர நின்னு வாயால சொன்னா எதப் போட்டு வடிப்பாங்க?"

"வேற யாரையாவது அனுப்பலாமே. போறவரு சொல்லட்டும்."

"இல்ல. நான் செஞ்சது. நான்தான் போய்ச் சொல்லணும்."

மைமூன் ஒப்புதல் மடலை எழுதினார். அமலோற்பவம் நேரில் வந்து முக்கியமான குறைபாடொன்றை விளக்குவார் என்று தலைமையகத்துக்குத் தெரிவித்தார். பதில் உடனே வந்தது. அமலோற்பவம் நேரில் வருவது அறிந்து மகிழ்ச்சி, பாராட்டு விழாவுக்கு மண்டபம் ஏற்பாடாகிறது, பூமியிலிருந்து எல்லா நிலையங்களையும் நடத்தும் மேலாளர்களும் கூடுகிறார்கள்.

"பாரேன், மேடையே போட்டுக் குடுக்காங்க," என்று சிரித்தார் மைமூன்.

புறப்படும் நாளில் அறுபது பேரும் கலத்தளத்துக்கு வந்தார்கள். யார் கையிலும் வடி இல்லாததால் வழியனுப்பும் மடல்களில் குத்தலும் கிண்டலும் தாராளமாக இருந்தன. 'போய்ச் சேரும்வரை கலத்தில் இருக்கும் இன்னொருவரை ஆண்டவர்தான் காப்பாற்ற வேண்டும்' என்று தோண்டுகுழுவில் ஒருவன் எழுதியிருந்தான். அவள் எல்லாவற்றையும் முழுசாகப் படித்தாள். சேர்மராஜ் ஒரு பையில் தக்காளி கொண்டுவந்தான்.

"அம்மாவையும் போய்ப் பாருங்கக்கா. காலு எப்படியிருக்குன்னு நேர்ல கேளுங்க."

"கேக்கேன். அழுதா அதையும் முழுசாக் கேட்டு எழுதுதேன்."

கலம் எழும்பியது. செம்மண் சமவெளி சிறுத்து, நிலையத்தின் வெள்ளைக் கூரைகள் புள்ளிகளாகி மறைந்தன. அமலோற்பவம் கண்ணை மூடிக்கொண்டு, மண்டபத்தில் சொல்லப்போகும் அந்த ஒரு வரியை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். 'நான் எழுதியது உங்களுக்கு வந்து சேரவில்லை.' முதல் சொல்லில் நாக்கு தயங்கியது. அதை எடுத்துவிட்டு, இடம் மாற்றி, பலவிதமாகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு அதை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, சத்தமாக ஒருமுறை சொன்னாள்.