முதல் வரியில் மேற்படி

"ஆறு வருஷம் என்கிட்ட இருந்த பொண்ணு சார். நேத்து காட்டுப்பாக்கம் மருந்துக்கடையில நின்னு எனக்கே மாத்திரை எடுத்துக் குடுத்தா. அவ நிஜமாவே தப்பு பண்ணினாளான்னு தெரியணும்" என்றார் ஹெலினா, பால்ராஜிடம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில், கோழிப்பண்ணைகளில் பரவும் கிருமிகளைச் சோதிக்கும் கூடம் அவருடையது. கிருமிகளின் மரபணு எழுத்துகளை வரிவரியாக அடுக்கி ஒப்பிடும் வேலை சபீனாவுக்கு. பாதி எழுத்துகளை அழித்துவிட்டாள் என்று போன மாதம் அவளை அனுப்பிவிட்டார். விசாரித்த மற்ற கூடங்களிடமும் அதையே சொன்னார். பிறகு யார் அவளைச் சேர்ப்பார்கள்?

பால்ராஜ் ஆவடித் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர்; இப்போது தெரிந்தவர்களின் இப்படிப்பட்ட சிக்கல்களை அவிழ்த்துக் கொடுப்பவர். ஷேர் ஆட்டோ ஓட்டும் ஜெகதீசன் அவருக்கு வலக்கை, கொஞ்சம் அவசரக்குடுக்கை.

"இதுல இன்னா கீது தலைவரே, அந்தப் பொண்ணுதான் அழிச்சிகீது" என்றான் ஜெகதீசன்.

"போகும்போது அவ என்ன சொன்னா?" என்று கேட்டார் பால்ராஜ்.

"முதல் வரியைப் பாருங்க மேடம்னா. கோபத்துல நான் பாக்கல."

மூவரும் கூடத்துக்குப் போனார்கள். சுவரில் வாடிக்கையாளர் பட்டியல் தொங்கியது. அதில் திருவேற்காடு பண்ணையின் பெயர் புதிதாக முதலிடத்தில் எழுதப்பட்டிருந்தது. மேசையில் இரண்டு தாள்கள். சபீனா எடுத்து வைத்திருந்த தாளில் ஒப்பிடுவதற்கான மாதிரிக் கிருமியின் வரி மேலே, முழு எழுத்துகளோடு. கீழ் வரிகளில் வித்தியாசமான எழுத்து மட்டும். மற்ற இடங்களில் புள்ளி. கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றும் மென்பொருளுக்குக் கொடுத்த தாளில் திருவேற்காடு பண்ணையின் வரி மேலே இருந்தது. அதிலும் புள்ளிகள்.

"புள்ளின்னா இங்க மேற்படி. முதல் வரியில இருக்கறதேதான்னு அர்த்தம்" என்றார் பால்ராஜ். "முதல் வரியிலயே மேற்படி போட்டா, எதுக்கு மேற்படி? மென்பொருளுக்கு ஒண்ணும் கிடைக்கல, எல்லாப் புள்ளியையும் காலியிடமா மாத்திடுச்சு. யாரும் எதையும் அழிக்கல. வரியை இடம் மாத்தியிருக்காங்க. யாரும்மா மாத்தினது?"

ஹெலினா இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "பெரிய கஸ்டமர் சார். அவங்க பேர் கீழ இருந்தா மரியாதையா இருக்காதுன்னு நான்தான் மேல தூக்கி வெச்சேன்."

ஜெகதீசன் தலையைச் சொறிந்தான். "நானும் அந்தப் பொண்ணு மேலயே பழி போட்டேனே" என்றான்.

அன்று மாலையே மூவரும் மருந்துக்கடைக்குப் போனார்கள். "முதல் வரியைப் பாத்தேன் சபீனா. தப்பு என்னோடது. எல்லாக் கூடத்துக்கும் உண்மையை எழுதிடறேன். நீ திரும்பி வந்துடு" என்றார் ஹெலினா.

சபீனா மாத்திரை அட்டையை உறையில் போட்டு, காத்திருந்தவரிடம் நீட்டினாள்.

"எழுதுங்க மேடம், அது எனக்கு வேணும். ஆனா நான் வரல. ஆறு வருஷத்துக்காக ஒரு நிமிஷம் பாத்திருக்கலாம்."