மாறிப்போன கிதார்

தன் வீட்டுக்கு வரவழைத்த துப்பறிவாளரின் முன் பெட்டியை மேசைமேல் வைத்துத் திறந்த பெண்மணி, "இது என்னோட கிதார் இல்லைங்க," என்றார்.

மேடைகளில் வாசிக்கும் கலைஞர் அவர். அவர் பிறப்பதற்கு முன்பே ஒரு கைவினைஞர் தனியாளாக இழைத்துச் செய்த கிதார் அது. சில மாதங்களாக அதனுள் ஒரு கரகரப்பு. பழுதுபார்க்கக் கொடுத்தால் அதன் குரலே போய்விடுமோ என்று பயந்து கணவரிடம்கூட மூச்சு விடவில்லை. போன வாரம் இருவரும் வெளியூர் போய்த் திரும்பினார்கள். எடுத்து வாசித்தால் கரகரப்பைக் காணோம். யாரோ நகலை வைத்துவிட்டு அசலைக் கொண்டுபோய்விட்டார்கள் என்றார். பூட்டு உடையவில்லை. மாற்றுச் சாவி மாடியிலிருக்கும் நாத்தனாரிடம் இருந்தது. அவர் பல் டாக்டர். வீட்டைப் பாகம் பிரித்த மனத்தாங்கலில் இருவருக்கும் பல வருடமாகப் பேச்சில்லை.

"அப்ப முடிஞ்சுது, அத்தான்," என்று காதைக் கடித்தான் உதவியாளன். துப்பறிவாளரின் மனைவிக்குத் தம்பி, எதிலும் முந்திரிக்கொட்டை. அத்தானுக்கோ 'நிதானம்' என்றே பெயர். அவர் ஒரு தந்தியை மீட்டினார்.

உதவியாளனுக்குச் சங்கீதம் வாசனைகூடக் கிடையாது. ஆனாலும் அந்த ஒற்றை ஒலி சுவர்வரை போய்த் திரும்பி வந்து தன் நெஞ்சில் சாய்ந்துகொண்டதாக அவனுக்குத் தோன்றியது. தேன் நிற மரம். தூக்கினால் எடையே தெரியவில்லை. இப்படியொன்றைத் திருடியவன்மேல் அவனுக்குக் கோபம்கூட வரவில்லை.

நிதானம் பழைய கச்சேரிப் படமொன்றை வாங்கி, பூதக்கண்ணாடியால் கிதாரோடு ஒப்பிட்டார். பிறகு மூவரும் கிதாரோடு மாடியேறினார்கள். கிதார் மாறிவிட்டதாகச் சந்தேகம் என்று மட்டும் நாத்தனாரிடம் சொன்னார்.

"கீழ என்ன வாசிக்கிறாங்கன்னு நான் காது குடுத்தே கேட்டதில்லை," என்றார் நாத்தனார். "அதான் கரகரப்பு போயிடுச்சே, இன்னும் என்ன குறை?"

நிதானம் மேசையிலிருந்த பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியைக் கேட்டு வாங்கினார். கிதாரின் துளைக்குள் அதை நுழைத்து, டார்ச் அடித்துப் பார்த்தார்.

"படத்துல இருக்கிற மரத்தோட ரேகை அப்படியே இதுலயும் இருக்கு. மரத்தோட ரேகையை யாராலும் நகல் எடுக்க முடியாது. கிதார் மாறலைம்மா," என்றார். "உள்ளே பலகையைத் தாங்குற பட்டை ஒண்ணு ஒட்டு விட்டுப்போயிருந்திருக்கு. அதான் கரகரப்பு. இப்பப் புதுசா ஒட்டியிருக்கு. கண்ணாடியில பார்த்துக்கிட்டே சின்ன இடத்துல கைவேலை செய்யப் பழகினவங்க ஒட்டினது. கரகரப்பைப் பத்தி நீங்க யார்கிட்டயும் சொல்லலை. நானும் இங்கே சொல்லலை. தினமும் கேட்டவங்களுக்குத்தான் அது தெரியும்."

நாத்தனார் கண்ணாடியைத் திரும்ப வாங்கி மேசைமேல் வைத்தார். பிறகு சொன்னார். ஆபரேஷன் முடிந்து அவர் படுக்கையில் கிடந்த மாதங்களில், சாயங்காலம் கீழிருந்து அந்த வாசிப்பு வரும். அதுவரை வலியைத் தாங்கிவிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாராம். கரகரப்பு வந்ததும் மனசு கேட்கவில்லை. கீழே இருந்தவர்கள் வெளியூர் போனபோது மாற்றுச் சாவியால் திறந்து, கிதார் செய்பவர் ஒருவரையே அழைத்து வந்தார். அவர் கை துளைக்குள் நுழையவில்லை. அவர் சொல்லச் சொல்ல இவர் ஒட்டினார்.

"கேட்டா நீ விடமாட்டே. கேக்காம தொட்டது தப்புதான்."

கலைஞரின் முகம் சிவந்தது. சண்டை வெடிக்கப்போகிறது என்று உதவியாளன் கதவோரம் ஒதுங்கினான். ஆனால் அவர் கண்கள் நிறைந்திருந்தன.

"நீங்க படுத்துக்கிடந்தப்ப ஒரு தடவைகூட நான் மேல வரலியே, அண்ணி."

"தினமும்தான் வந்தே," என்றார் நாத்தனார்.

கலைஞர் கிதாரை மடியில் எடுத்துக்கொண்டு, என்ன வாசிக்கட்டும் என்று கேட்டார். நாத்தனாருக்குப் பாட்டின் பெயர் தெரியவில்லை; மெல்ல முனகிக் காட்டினார். அது எதுவென்று கலைஞருக்கு உடனே புரிந்தது.

வேலை முடிந்ததென்று உதவியாளன் கிளம்பினான். நிதானம் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"உட்காரு மாப்ளே. கேட்டுட்டுப் போகலாம்."