நிழலை எண்ணியவன்

பெருச்சாளிக்கு வைத்த மருந்து பெருச்சாளியோடு நின்றிருந்தால் கஸ்பாருக்கு இந்தப் பாடு வந்திருக்காது. தன் மதியச் சோற்றுக் கருவாட்டை அது தினமும் திருடுகிற ஆத்திரத்தில், ஒரு வாளைக் கருவாட்டுத் துண்டில் எலி மருந்தைத் தடவிக் காவல் கொட்டகையில் வைத்தான். பெருச்சாளி தின்றது, வெட்டவெளியில் போய்ச் செத்தது. அதைப் பாறுக் கழுகுகள் கொத்தின. நாலாம் நாள் பெட்டைக் கழுகு, அலகில் ரத்தம் சொட்டச் சொட்ட, அவன் வாசலிலேயே வந்து விழுந்தது.

அந்தக் கழுகுகளை வலைக்காரர்களிடமிருந்தும் விஷத்திலிருந்தும் காப்பாற்றத்தான் அவனுக்குச் சம்பளம்.

எண்ணூர் உப்பளத்தின் நடுவே, ஓய்ந்துபோன நிலக்கரிக் கோபுரத்து உச்சியில் கூடு. ஒரு ஜோடி, இன்னும் பறக்கத் தெரியாத ஒரு குஞ்சு. இந்தப் பக்கத்தில் அந்த இனத்தில் மிச்சம் அவ்வளவுதான். “விஷம்னு சந்தேகம் வந்தா ஒடனே போன் போடு, ஊசி போட்டுப் பொழைக்க வெச்சிடலாம்” என்று பறவை மருத்துவர் ராமசெல்வி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கஸ்பார் போனை எடுத்தான். வேலை போய்விடுமே என்று கீழே வைத்தான். பெட்டையை உப்புக் குவியலுக்கடியில் புதைத்துவிட்டு, பறப்பவை எத்தனை என்ற பதிவேட்டில் எப்போதும்போல ‘2’ என்று எழுதினான்.

அவன் எண்ணும் முறையே தனி. ராயபுரத்தில் மூட்டை சுமந்து கழுத்தெலும்பு தேய்ந்தவனால் அண்ணாந்து பார்க்க முடியாது. வெள்ளை உப்பின் மேல் ஓடும் நிழல்களைத்தான் எண்ணுவான். வானத்தைக் குனிந்து பார்க்கிறவன் உலகத்திலேயே தான் ஒருத்தன்தான் என்று பீற்றிக்கொள்வான்.

பெட்டை செத்த மறுநாள் சாயங்காலமும் உப்பின் மேல் இரண்டு நிழல்கள் ஓடின.

உப்பு லாரி ஓட்டும் முபாஷிரை நிறுத்தினான். “மேல எத்தினி கீது, பாத்துச் சொல்லு.”

“உன் வாயில பல்லு எத்தினி கீதோ அத்தினி, மாமு.”

இருபது வருஷமாக ஊரையே கலாய்த்தவனுக்கு யார் நேராகப் பதில் சொல்வார்கள்?

கழிமுகத்துச் சேற்று நாற்றமும் சாம்பல் தூசியும் சேர்ந்து தொண்டையில் படிகிற அந்தச் சாயங்காலங்களில், அவன் தேநீர் தம்ளரோடு வாசலில் உட்கார்ந்து, மைக்கறை போல மங்கலாக ஓடிய நிழல்கள் நாளுக்கு நாள் கறுத்து, கூர்மையாகி, இறகு இறகாகப் பிரிந்து தெரிவதைப் பார்த்தான். தாழப் பறக்கின்றன. இன்னும் தாழ. கொட்டகைக்குள் ‘சொட்’ என்றது. குழாயே இல்லாத கொட்டகை. கழுத்து கனத்தது. தைலம் தேய்த்தான். மேலும் கனத்தது.

பெட்டையைப் புதைத்த ஒன்பதாம் நாள் மூன்று நிழல்கள்.

குஞ்சு பறந்துவிட்டது. கஸ்பாருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ‘3’ என்று எழுதினான். பிறகுதான் கவனித்தான். மூன்றாவது பறக்கவில்லை. நடந்தது. அவன் நின்றால் நின்றது.

அன்று ஐந்து மணிக்கு ராமசெல்வி வந்தாள். பதிவேட்டைப் பார்த்துச் சிரித்தாள், கோபுரத்து இரும்பு ஏணியில் ஏறினாள். பிறகு, ஒவ்வொரு படியாக, மெதுவாக இறங்கினாள். கையுறையில் காய்ந்த ரத்தத் துகள்கள்.

“இன்னா டாக்டரம்மா, குஞ்சுக்குக் காது குத்திடலாமா?”

அவள் சிரிக்கவில்லை.

“எத்தினி கீது? நீயாவது நேரா சொல்லும்மா.”

“கூட்ல ரெண்டும் செத்துக் காஞ்சி கீது. ஆணும் குஞ்சும். ஒரு வாரம் ஆயிருக்கும்.”

“இல்லம்மா. இப்பக்கூட மூணு நெழலு...”

அவள் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால், மேற்கு வெயில் விழுந்த சுண்ணாம்புச் சுவரில் நீண்டிருந்த அவன் நிழலைப் பார்த்தாள். ஓரடி பின்வாங்கினாள்.

சொட். இந்தத் தடவை அவன் காலரில்.

“திரும்பாத, கஸ்பாருண்ணா. மூணும் உன் மேலதான் குந்திகினு கீது. குஞ்சு வாயைத் தொறந்துகினு கீது.”