வாய்க்கால் நடுவே நான்கு முட்டைகள்

காவிரித் தண்ணீர் எப்போது வரும் என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. டீக்கடையில் கேட்டார்கள். பள்ளிவாசல் முன்னால் கேட்டார்கள். திருத்துறைப்பூண்டியிலிருந்து வரும் பஸ் கண்டக்டரிடம்கூடக் கேட்டார்கள்.

ஒரே ஒருத்திதான் வேறு மாதிரி கேட்டாள்.

“மாமா, தண்ணி ஒரு எட்டு நாள் கழிச்சு வந்தா என்னா?” என்றாள் சாஜிதா.

மதகின் ஷட்டருக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்த லஸ்கர் நீலமேகம் நிமிர்ந்து பார்த்தார். மதகைத் திறப்பதும் மூடுவதும் அவர் வேலை.

“மெதுவாப் பேசு பாப்பா. உங்க அத்தா காதுல விழுந்துடப்போவுது. ஆறு மா நெலத்துல வெதச்சுட்டு வாய்க்காலையே பாத்துக்கிட்டு இருக்காரு மனுசன்.”

சாஜிதாவுக்கும் அது தெரியும். நேற்று அத்தா பாதிச் சோற்றில் எழுந்து வயலுக்குப் போனதை அவள் பார்த்தாள். ஆனாலும் வாய்க்காலின் நடுவே கையைக் காட்டினாள்.

காய்ந்து வெடித்த தரையில் ஒரு சிறிய மணல் திட்டு. அதன்மேல் ஓர் ஆள்காட்டிக் குருவி உட்கார்ந்திருந்தது. அதன் அடியில் நான்கு முட்டைகள். மண் நிறம், கறுப்புப் புள்ளிகள். உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

“குஞ்சு பொரிக்க இருபத்தெட்டு நாள் ஆகுமாம், டீச்சர் சொன்னாங்க. நாலாவது முட்டை போட்டு இன்னையோட இருபது நாள்.”

நீலமேகம் துணியால் கையைத் துடைத்தார். “நாளன்னைக்குத் தண்ணி வந்துடும். மொதத் தண்ணிய மெதுவாத்தான் விடுவேன், இல்லன்னா கரை உடைச்சுக்கும். ஆனா நிறுத்த முடியாது பாப்பா. ஒரு சாண் ஏறும்.”

சாஜிதா இறங்கிப் போய்த் திட்டைக் கையால் அளந்தாள். அரைச் சாண்தான் இருந்தது.

“முட்டைய எடுத்து நம்ம வீட்டு முட்டை அட்டையில வச்சிரலாம்,” என்றான் தம்பி ஆஸிம். அவனுக்கு எட்டு வயது.

“அம்மா ஆம்லெட் போட்டுருவாங்க.”

“அப்ப வேற எடத்துல வைப்போம்.”

“குருவி தேடி வரலன்னா?”

இருவரும் கரையில் உட்கார்ந்து யோசித்தார்கள். குருவியும் உட்கார்ந்திருந்தது. திடீரென்று அது கழுத்தை நீட்டி ஒரு நத்தை ஓட்டைக் கொத்தியது. திரும்பிக்கூடப் பார்க்காமல் தோளுக்குப் பின்னால் போட்டது. பிறகு ஒரு குச்சியைப் போட்டது.

போன வருடம் பள்ளிக்கூடத்திலிருந்து அரியலூர் புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனபோது கேட்டது சாஜிதாவுக்கு நினைவுக்கு வந்தது.

“ஆஸிம், டைனோசர்ல ஒரு வகைதான் கொஞ்சம் கொஞ்சமா மாறிப் பறவை ஆச்சு. அதுங்க தரையில பள்ளம் பறிச்சு முட்டை விட்டுச்சுங்க. அப்பறம் முட்டை மேல உக்காந்திருந்த ஏதோ ஒண்ணு, கைக்கு எட்டுனத எடுத்து…”

“டைனோசருக்குக் கையா?”

“சரி, வாய்க்கு எட்டுனத எடுத்து இந்த மாதிரி பின்னால போட்டிருக்கும். கூடு கட்டுறதே அப்படித்தான் ஆரம்பிச்சிருக்கலாமாம். தூக்கணாங்குருவி கூடெல்லாம் ரொம்பக் காலத்துக்கு அப்பறம்.”

“எவ்வளவு காலம்?”

“கோடிக்கணக்கான வருசம்.”

ஆஸிம் குருவியைப் பார்த்தான். குருவி ஆஸிமைப் பார்த்தது. அவன் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டான்.

“அதுக்குப் போடத் தெரியுது,” என்றாள் சாஜிதா மெதுவாக. “போடறதுக்குச் சாமான்தான் பத்தல.”

அந்த ஊரில் கல் கிடைக்காது. எங்கே தோண்டினாலும் களிமண்தான். களிமண் தண்ணீரில் கரைந்துவிடும்.

ஆஸிம் வீட்டுக்கு ஓடி, தன் மீன் தொட்டியிலிருந்த நீலக் கற்களைக் கொண்டுவந்தான். கூட்டருகே வைத்துவிட்டுக் கரையேறினார்கள். குருவி ஒரு நீலக் கல்லைக் கொத்திப் பார்த்தது. தூர வீசியது. அடுத்ததையும் வீசியது.

“ரசனை இல்லாத டைனோசர்,” என்றான் ஆஸிம்.

சாஜிதா கூட்டின் விளிம்பைக் கவனித்தாள். நத்தை ஓடு, செங்கல் துணுக்கு, குச்சி. மண்ணோடு மண்ணாகத் தெரிவதைத்தான் அது எடுத்திருந்தது.

மறுநாள் முழுவதும் இருவரும் வயல்களில் நத்தை ஓடு பொறுக்கினார்கள். பள்ளிவாசலின் பழைய சுவரை இடித்த இடத்தில் செங்கல் துணுக்குகளை அள்ளினார்கள். எல்லாம் கொட்டைப்பாக்கு அளவு. இரண்டு வாளி சேர்ந்தது. குருவியும் அதன் துணையும் கத்திக்கொண்டே தலைக்கு மேல் பாய்ந்து பாய்ந்து வந்தன. ஆஸிம் காலி வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான். சாஜிதா முட்டைகளைத் தொடவில்லை. குருவியின் அலகுக்கு எட்டும்படி கூட்டைச் சுற்றிப் பரப்பிவைத்தாள்.

அன்று மாலைத் தொழுகைக்குப் பிறகு அவள் துஆ கேட்டாள். “யா அல்லாஹ், தண்ணியும் வரணும், முட்டையும் நனையக் கூடாது. எப்படின்னு எனக்குத் தெரியல. உனக்குத் தெரியும்.”

காலையில் தண்ணீர் வந்தது.

நுரையையும் சருகுகளையும் முன்னால் தள்ளிக்கொண்டு, வெடிப்புகளை நிரப்பி நிரப்பி வந்தது. கரையில் நின்றவர்கள் பூத் தூவினார்கள். அத்தாவின் கண்கள் ஈரமாக இருந்தன.

தண்ணீர் திட்டைச் சுற்றிக்கொண்டது. விளிம்பைத் தொட்டது.

குருவி எழுந்து நின்றது. ஒரு நத்தை ஓட்டை எடுத்தது. முட்டையை மார்பால் மெல்ல ஒதுக்கி, அடியில் செருகியது. ஒரு செங்கல் துணுக்கை எடுத்தது. அதையும் செருகியது. துணைக் குருவி பறந்து வந்து மறுபக்கம் நின்று எடுத்துப் போட்டது. ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. கண்ணுக்குத் தெரியாத அளவு மெதுவாகக் கூடு உயர்ந்தது.

கரையில் நின்றவர்கள் குனிந்து பார்த்தார்கள்.

“இதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?” என்றார் அத்தா.

“அதோட தாத்தாவுக்குத் தாத்தாவுக்குத் தாத்தா,” என்றான் ஆஸிம். “டைனோசர், அத்தா.”

நீலமேகம் மதகின் சக்கரத்தில் கை வைத்தார். “வயலுக்கு ஏறணும்னா இன்னும் ரெண்டு சுத்து தெறக்கணும்,” என்றவர் சாஜிதாவைப் பார்த்தார்.

சாஜிதா அத்தாவின் வறண்ட வயலைப் பார்த்தாள். குருவியைப் பார்த்தாள். அது அடுத்த துணுக்கை எடுத்துக்கொண்டிருந்தது.

“தெறங்க மாமா,” என்றாள். “அது பாத்துக்கும்.”

அவர் கால் சுற்று திறந்தார். காத்திருந்தார். மறுபடி கால் சுற்று. இரண்டு சுற்றுக்கு மத்தியானம் ஆகிவிட்டது. அன்று யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

மாலையில் தண்ணீர் ஒரு சாண் ஏறியிருந்தது. கூடு அதைவிட இரண்டு விரல் உயரத்தில் நின்றது. குருவி அதன்மேல் அமர்ந்து இறகைக் கோதிக்கொண்டிருந்தது.

தண்ணீர் வந்து ஆறாம் நாள் காலை, வைக்கோல் குச்சி மாதிரிக் கால்களோடு நான்கு பஞ்சு உருண்டைகள் கூட்டின் விளிம்பில் நின்றன. தாய் கரையிலிருந்து கூப்பிட்டது. ஒன்று தண்ணீரில் குதித்து மிதந்தது. மற்ற மூன்றும் அதன் பின்னால் குதித்தன. தத்தித் தத்திக் கரையேறி, உடம்பை உதறிக்கொண்டன.

அத்தாவின் வயலில் பயிர் ஊசி ஊசியாய் முளைத்திருந்தது. நான்கும் வரிசையாக அதற்குள் நடந்து போயின.