எண்ணெய் மேட்டில் மூன்று தட்டு

ஆனி மாதச் சாரல் மலைமுகடுகளைத் திரையிட்டு மறைத்திருந்த ஒரு பிற்பகலில், டயகமவுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தின் லொறி, முக்கி முனகிக்கொண்டு எண்ணெய் மேட்டுக்கு வந்து நின்றது. ஓட்டி வந்தவன் பொன்னையா. அவனருகே அமர்ந்திருந்தவன் வீரய்யா. கிளீனர் வேலையில் வீரய்யாவுக்கு அது முதல் நாள்.

கொழுந்து அரைக்கும் ஸ்டோருக்குப் பின்னால் செங்குத்தாக ஏறும் பாதை. அதன் அடியில் ஒரு கருங்கற்சுவர். சுவரின்மேல் படுத்த வாக்கில் ஒரு டீசல் பீப்பாய். பீப்பாயின் வாயிலிருந்து தொங்கும் குட்டையான ரப்பர் குழாய். அவ்வளவுதான் எண்ணெய் மேடு. பட்டாளத்தார் கழித்துவிட்ட பழைய லொறி அது; கைப்பிரேக் பிடிக்காது; எண்ணெய்த் தொட்டியின் வாய் அதற்கு வால்புறத்தில் இருந்தது. ஆகவே முகத்தை மேட்டுக்குக் காட்டி, வாலைச் சுவருக்குக் கொடுத்துத்தான் அதை நிறுத்தவேண்டும். வாலுக்கும் சுவருக்கும் இடையே ஓர் ஆள் ஒருக்களித்து நிற்கலாம். திரும்ப முடியாது.

அந்த இடுக்கில்தான், போன கார்த்திகையில், வீரய்யாவின் அண்ணன் சிவசாமி நசுங்கி மாண்டான்.

சிவசாமி அத்தோட்டத்தின் மூத்த டிரைவர். நீறு பூசாமல் லொறியில் ஏறமாட்டான். கிராம்பு வைத்து மடித்த வெற்றிலை இல்லாமல் இறங்கமாட்டான். எண்ணெய் ஊற்றுவதில் அவனுக்கென்று ஒரு நியமம் இருந்தது. இஞ்சினை நிறுத்தவேண்டும், கியரில் போடவேண்டும், பலாமரத்தில் தானே செதுக்கிய கட்டையைப் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுக்கவேண்டும். அதன் பின்னரே குழாயைத் தொடுவான். இடுக்கில் நின்றதும் லொறியின் பின்பலகையில் மூன்று முறை தட்டுவான். ஆள் நிற்கிறான், வண்டியை அசைக்காதே என்பது அதன் பொருள்.

“இஞ்சின் ஓடுற சத்தத்துல ஆளு செத்தாலும் கேக்காதுடா,” என்பது அவன் வாய்ச்சொல்.

அப்படிப்பட்டவன் அன்று இஞ்சினை ஓடவிட்டு, கட்டையும் வைக்காமல், இடுக்கில் போய் நின்றான். பொன்னையா அப்படித்தான் சொன்னான். அப்போது அவன் இரண்டாவது டிரைவர். பிரேக்கை மிதித்தபடி உள்ளே அமர்ந்திருந்தவன். தோட்டத்தை நடத்தும் துரையின் முன்னால் நடந்த விசாரணையில் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

“நிறுத்துங்கண்ணேன்னு கெஞ்சுனேன் சாமி. நிறுத்துனா மறுபடி செல்ப் எடுக்காது, ஹட்டன் ரயிலுக்குத் தேயிலைப் பெட்டி போய்ச் சேராது, ஓடட்டும்டான்னு அவருதான் சொன்னாரு. பிரேக்கு வழுக்கிருச்சு. அவரு தட்டுனது இஞ்சின் சத்தத்துல எனக்குக் கேக்கல.”

ஒரு லொறிக்கு ஒரு டிரைவர் போதும், தை பிறந்தால் ஒருவனை நிறுத்திவிடுவேன் என்று துரை முன்பே சொல்லியிருந்தார். யாரை நிறுத்துவது என்ற கவலை அவருக்கு இல்லாமற் போயிற்று.

பாடைக்கு முன்தோள் கொடுத்தவன் பொன்னையா. அந்தப் பலாக்கட்டையை எடுத்துப்போய், “செத்தவரு கைபட்டது, இனி சாமிக்குத்தான் சொந்தம்,” என்று மேட்டின் ஓரத்திலிருந்த ரோதமுனியின் கல்லடியில் குங்குமமிட்டு வைத்தவனும் அவன்தான். ரோதமுனி சக்கரங்களுக்குக் காவலான தெய்வம்; ஸ்டோரிலே இயந்திரத்தைத் தொடுகிற ஒவ்வொருவனும் கும்பிடுகிற தெய்வம். ‘இவரல்லவோ உடன்பிறவாத அண்ணன்!’ என்று வீரய்யா உருகிப்போனான். கிளீனர் வேலையையும் பொன்னையா வாங்கிக்கொடுத்தபோது அவன் காலிலேயே விழுந்தான்.

அண்ணன் மனைவி ராசம்மா மட்டும் நம்பவில்லை.

“கட்டை வைக்காம ஒங்கண்ணன் சோத்துப் பானையக்கூட எறக்கி வைக்கமாட்டாரு, தம்பி. அவரா ஓடட்டும்னு சொல்லியிருப்பாரு?”

“பாத்தவரு பொன்னையாண்ணே. பாக்காத நாம பேசக்கூடாது, மதினி. ஊருக்குப் புத்தி சொன்னவரு, தன் புத்திய மறந்துட்டாரு. அவ்வளவுதான்.”

தொழிலாளர் லயத்தின் ஒற்றையறைக் காம்பிராவில் ராசம்மா சிறுவிளக்கைத் தூண்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இப்போது அதே இடுக்கின் முன்னால் வீரய்யா நின்றான். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

“அண்ணே, நிறுத்திட்டுக் கட்டை வச்சிரலாமா?”

“அடேய், ஒங்கண்ணன் மாதிரியே மொறைக்கிறியே!” பொன்னையா சிரித்தான். “நிறுத்துனா யாரு தள்றது? ஒங்க துரையா? என் காலு இருக்கும்போது கட்டை எதுக்குடா? போய் ஊத்து.”

வீரய்யா ஒருக்களித்து உள்ளே நுழைந்து குழாயைத் திறந்தான். டீசல் களகளவென்று தொட்டிக்குள் இறங்கியது.

இஞ்சின் நின்றது.

இருமி நிற்கவில்லை, திணறி நிற்கவில்லை. பேசிக்கொண்டிருப்பவன் வாயைப் பின்னாலிருந்து ஒரு கை பொத்தினாற்போல நின்றது. சாரல் இலைகளில் விழும் ஓசை திடீரென்று அருகில் வந்தது.

“டீசல்ல காத்துப் புடிச்சிருக்கு! ஒண்ணுமில்ல, காத்துத்தான்!” என்று பொன்னையா கூவினான். அவன் செல்பை அழுத்தியதும், முதல் அழுத்திலேயே இஞ்சின் உறுமி எழுந்தது. செல்ப் எடுக்காது என்ற பேச்சு வீரய்யாவின் நெஞ்சில் ஒருகணம் உறுத்தியது. நன்றி அந்த உறுத்தலைத் துடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அப்படியே நடந்தது. குழாயைத் திறந்தால் இஞ்சின் நின்றது. பொன்னையா பதறிப்போய் அதைக் கிளப்பினான். காது அடைத்துப்போகுமளவு முடுக்கிப் பிடித்தான். போதாக்குறைக்கு எதையாவது உரக்கப் பாடினான். நிசப்தத்தை அவன் அஞ்சினான். கடன்காரன் வரும் வழியைப் பார்ப்பவன்போல, பக்கக் கண்ணாடியில் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆடி வெள்ளிக்கிழமையன்று மூடுபனி பகலையே விழுங்கியிருந்தது. மணி நான்குகூட ஆகவில்லை. இடுக்கில் நின்ற வீரய்யாவுக்கு லொறியின் தலை தெரியவில்லை. பனியில் மிதந்த பக்கக் கண்ணாடியும், அதில் பொன்னையாவின் ஒற்றைக் கண்ணும் மட்டுமே தெரிந்தன.

குழாயைத் திறந்தான்.

இஞ்சின் நின்றது.

செல்ப் ஒருமுறை ‘க்ளக்’ என்றது. மறுமுறை அதுவும் இல்லை.

மலை முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டாற்போல ஓர் அமைதி. அவ்வமைதியினூடே, டீசல் நாற்றத்தையும் ஈரமண் வாசத்தையும் விலக்கிக்கொண்டு, வேறொரு மணம் வந்தது.

கிராம்பு.

டக். டக். டக்.

“டேய் வீரய்யா, தட்டாதடா!”

“நான் தட்டலண்ணே.” வீரய்யாவின் குரல் தாழ்ந்துவிட்டது. “என் ரெண்டு கையும் குழாயிலதான் இருக்கு.”

டக். டக். டக்.

அவன் மார்புக்கு நேரே பின்பலகை அதிர்ந்தது. தட்டுகிற கை தெரியவில்லை. தட்டுகிற இடம் மட்டும் தெரிந்தது. பலகையில் படிந்திருந்த பனித்துளிகள் ஒவ்வொரு தட்டுக்கும் சிதறின.

பிறகு, வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பேசுகிற ஒரு குரல்.

“பொன்னையா. கேக்குதா?”

வீரய்யா அக்குரலின் மடியில் வளர்ந்தவன்.

“இப்ப இஞ்சின் ஓடலையே. கேக்குதா?”

கண்ணாடியிலிருந்த கண் இமைக்கவில்லை.

“ஒன் காலு இருக்கும்போது கட்டை எதுக்குன்னு கேட்டியே. நம்பித்தானே வந்து நின்னேன்.” குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். “காலு எங்க, பொன்னையா?”

பழகிய சொற்கள். முதல் நாள் பொன்னையா சிரித்துக்கொண்டே வீரய்யாவிடம் சொன்ன சொற்கள். அதே இனிப்பு, அதே உரிமை. அண்ணனுக்கும் அதைத்தான் ஊட்டியிருக்கிறான்.

உள்ளேயிருந்து ஓர் ஊளை எழுந்தது.

“நான்தாண்ணே! ஓடட்டும்னு நான்தான் சொன்னேன். நான்தான் கால எடுத்தேன். தட்டுனது கேட்டுச்சுண்ணே… மூணு தட்டும் கேட்டுச்சு… விட்டுருங்கண்ணே!”

கதவு திறந்து அடித்துக்கொண்டது. காலடிகள் மேட்டின் மேல் ஓடிப் பனிக்குள் கரைந்தன. லொறி கியரில் இல்லை. பிரேக்கில் கால் இல்லை. இடுக்கில் ஓர் ஆள் இருக்கிறான் என்பது ஓடுகிறவனுக்குத் தெரியும்.

அவன் ஒருமுறையேனும் திரும்பிப் பார்க்கவில்லை.

லொறி அசைந்தது.

அவசரமே இல்லாமல், உறக்கத்தில் புரள்கிற எருமைபோல, பின்னோக்கிச் சரிந்தது. வீரய்யா வெளியேற முயன்றான், தோள் சிக்கியது. குழாய் கைநழுவி டீசல் காலெல்லாம் வழிந்தது. பின்பலகையில் தட்டினான். மூன்று முறை தட்டினான். கேட்பதற்கு எவருமில்லை என்று தெரிந்துகொண்டே தட்டினான். பலகை மார்பில் பட்டது. முதுகில் சுவர் சில்லிட்டது. மூச்சு வெளியே போயிற்று. திரும்பி வர இடமில்லை.

‘அண்ணனும் இப்படித்தான் நின்றிருப்பான்.’

லொறி நின்றது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தானோ தெரியாது. சட்டை கிழிய, தோல் உரிய, அங்குலம் அங்குலமாக வெளியே நழுவி விழுந்தான். விழுந்த இடத்திலிருந்து பின்சக்கரம் கண்ணுக்கு நேரே தெரிந்தது.

சக்கரத்தின் அடியில் பலாக்கட்டை இருந்தது. அதிலிருந்த குங்குமம் சாரலில் கரைந்து, சிவப்பாய்ச் சேற்றில் இறங்கிக்கொண்டிருந்தது.

ரோதமுனியின் கல்லடியில் கட்டையின் அளவுக்கு மண் உலர்ந்திருந்தது. அங்கிருந்து சக்கரம்வரை சேறு. சேற்றில் ஒரு காலடியும் இல்லை.

பொன்னையா மறுநாள் விடியலில் ஹட்டன் பஸ்ஸில் ஏறியதைக் கண்டவர்கள் உண்டு. அதன்பின் கண்டவர்கள் இல்லை.

வீரய்யா லயத்துக்குப் போய், வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். ராசம்மா அழவில்லை. முறத்திலிருந்த அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். கடைசியில் சொன்னாள்:

“அவன் துரோகி. அவன் சொன்னது எனக்கு வலிக்கல, தம்பி. நீங்க நம்புனீங்க பாருங்க, அதுதான் வலிச்சுச்சு. அவருக்கும் அப்புடித்தான் இருந்திருக்கும்.”

புது டிரைவராக அழகுமுத்து வந்தான். அவன் முதன்முதலாக எண்ணெய் மேட்டில் லொறியை நிறுத்திய அன்று, வீரய்யா அவனிடம் இஞ்சினை நிறுத்தச் சொன்னான்; கியரில் போடச் சொன்னான்; கட்டையைத் தன் கையால் அண்டை கொடுத்தான். குழாயைத் தொடுமுன், லொறியின் முன்புறம் சென்று ரோதமுனிக்குக் கர்ப்பூரம் ஏற்றினான். சுடர் ஆடாமல் நின்றது.

“அண்ணே,” என்றான் மெல்ல. “ஊருக்கெல்லாம் தெரிஞ்சுபோச்சு. ஒங்க பேருல கறை இல்ல. நானும் நம்பிட்டேன்… அந்தப் பாவம் எனக்குத்தான். நீங்க இனி அந்த இடுக்க விட்டு வெளிய வந்துருங்கண்ணே.”

மலை அமைதியாக இருந்தது. எங்கோ தொலைவில் கொழுந்து நிறுக்கும் மணி அடித்து ஓய்ந்தது.

“வீரய்யா,” அழகுமுத்து உள்ளேயிருந்து தலையை நீட்டினான். முன்னால் கர்ப்பூரத்தோடு நிற்பவனைப் பார்த்தான். பக்கக் கண்ணாடியைப் பார்த்தான். மறுபடி இவனைப் பார்த்தான். “நீ இங்கதான் நிக்கிறியா? அப்ப பின்னால யாருய்யா?”

கிராம்பு மணத்தது.

டக். டக். டக்.